மூன்று எண்ணும் வரை

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனது என் வாயால்தான். உலு திராமுக்குப் பக்கத்தில், ஐந்து வரிசை வீடுகள் உள்ள சின்னத் தாமான். முதல் கூட்டத்துக்கு வெறும் பார்வையாளராகத்தான் போனேன். ஞாயிறு காலை பத்து மணி என்று அறிவித்திருந்தார்கள். பத்து மணிக்கு பாலாய் ராயா மண்டபத்தில் நானும் பூட்டிய கதவும்தான் இருந்தோம். பத்தே முக்காலுக்குத் தொடங்கிய கூட்டம் ஒன்றரை ஆகியும் முடியவில்லை. குப்பைத் தொட்டியைப் பற்றி மலாயிலும், தெருநாயைப் பற்றித் தமிழிலும், கால்வாய் அடைப்பைப் பற்றிச் சீனத்திலும் பேசினார்கள். எந்த மொழியிலும் முடிவு எடுக்கவில்லை.

நான் எழுந்து, இப்படியா கூட்டம் நடத்துவது என்று மலாயில் கேட்டேன். தலைவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். மிகுந்த மரியாதையோடு பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் ஸ்கூடாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தினமும் காலை ஏழு மணிக்கு என் ஆட்களை நிற்க வைத்துப் பேசுவேன். விஷயத்தைச் சொல்வேன். மறுப்பு உண்டா என்று கேட்பேன். சத்து, துவா, தீகா என்று மலாயில் மூன்று எண்ணுவேன். யாரும் பேசவில்லையென்றால் முடிந்தது, எல்லாரும் இயந்திரத்துக்குப் போகலாம். இத்தனை வருடத்தில் ஒருவரும் மறுத்ததில்லை. அதை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே முறையைச் சங்கத்துக்கும் கொண்டுவந்தேன். ஒரு தாளில் விதிகளை அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். ஒருவருக்கு மூன்று நிமிடம். பலகாரம் கடைசியில்தான், ஏனென்றால் கறிபாப் வந்த பிறகு எங்கள் ஆட்கள் கால்வாயைப் பற்றி யோசிப்பதில்லை. எடுத்த முடிவை ஆறு மாதத்துக்கு யாரும் கிளறக்கூடாது. மூன்று எண்ணுவதற்குள் பேசாதவர் சம்மதித்தவர். இந்த விதிகளுக்கு மறுப்பு உண்டா என்று கேட்டு, அதற்கும் மூன்று எண்ணினேன். யாரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு கூட்டங்கள் ஐம்பது நிமிடத்தில் முடிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் தினமும் அதைப் பற்றியே பேசினேன். அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அப்போதுதான் பின்சந்து விவகாரம் வந்தது. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து வழியாகத் திருடர்கள் வந்து சமையல் கேஸ் சிலிண்டர், தண்ணீர் பம்ப் என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டுத் தம்பிக்கு பைக்கே போய்விட்டது. காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது தினமும் சிங்கப்பூருக்குப் போய் பஸ் ஓட்டுகிறவன். சந்தின் இரண்டு முனையிலும் கேட் போட்டுப் பூட்டலாம் என்று அவன்தான் சொன்னான். அன்று எனக்கு ஒரு கல்யாண விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. கொஞ்சம் வேகமாகவே எண்ணினேன். கேட் வந்தது, சாவி தம்பியிடம் போனது.

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் என் பக்கத்து வீட்டு மலாய் அக்காவும் இருந்தார். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். மூடிய தட்டில் ஏதாவது செய்து கொண்டுவருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் வேன் வந்து ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியும். வேன் எந்த வழியாக வருகிறது என்று நான் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். நல்ல வெயில். தெருமுனையிலிருந்து அக்கா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கணவர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குடை, மறு கையால் தள்ளினார். நாற்காலி கோணிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போனது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

வேன் எங்கே என்று கேட்டேன். முனையிலேயே இறக்கிவிட்டதாம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள், வாசலில் வேன் நிற்க இடமில்லை. இத்தனை நாளும் பின்சந்து வழியாக வந்தது, இப்போதுதான் பூட்டியிருக்கிறதே என்றார். பூட்டியது யார் என்று சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அவரிடமே கத்தினேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், நடுவில் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நீங்கள் தீகா சொல்லிவிட்டீர்கள் என்றார். பிறகு உள்ளே வந்து தண்ணீர் குடிக்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலையில் எதிர்வீட்டுத் தம்பியிடம் போய்ச் சாவி கேட்டேன்.

"அக்கா, ஆறு மாசம் கிளறக்கூடாதுன்னு எழுதுனது நீங்கதானே? பேப்பர இன்னும் ஃபிரிஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன் லா."

"அதக் கிழிச்சுப் போடு தம்பி. பாவம், அந்த மனுஷன வெயில்ல தள்ளிக்கிட்டு வர்றாங்க."

"பாவந்தான், இல்லேங்கல. ஆனா என் பைக்கு போயிருச்சே, அதுக்கு யாரு பாவம்? கூட்டத்துல கேளுங்க. எல்லாரும் சரின்னா சாவிய இப்பவே தர்றேன்."

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து, என் விதி தப்பு என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. இனி எண்ணிக்கை கிடையாது, ஒவ்வொருவராகக் கேட்போம், அவர் பேசும்வரை காத்திருப்போம் என்றேன். தலைவர் முன்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். பாதிப் பேர் பின்சந்தைத் திறக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் திருடனை நினைத்துத் தயங்கினார்கள். கடைசியில் அக்காவின் முறை வந்தது.

அவர் மடியிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலாய் ராயாவில் ஒரு நிமிட மௌனம் என்பது மிக நீளம். எனக்கு நாக்கு அரித்தது. அவருக்காக நானே பேசிவிடலாம் என்று இரண்டு முறை எழப்பார்த்தேன். தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

அக்கா பேசினார். பின்சந்தைத் திறக்க வேண்டாம் என்றார். பூட்டு நல்லதுதான், என் வீட்டு பம்பும் போனது, தனியாக இருக்கும் நாட்களில் எனக்கும் பயம் என்றார். வேன் வீட்டு வாசலில் நின்றால் போதும். நான்கு வருடமாக அந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது. அதனால்தான் பின்பக்கம் போனோம் என்றார்.

அந்தக் கார் என்னுடையது. எங்கள் போர்ச்சில் வீட்டுக்காரர் கார் நிற்கும். நான் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போவதால், என் காரை நாள் முழுக்க அவர்கள் வாசல் மாமரத்தடியில் நிறுத்தியிருப்பேன். நிழல் நன்றாக இருக்கும்.

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எதிர்வீட்டுத் தம்பி மட்டும் மின்விசிறியைப் பார்த்தான்.

"நான்கு வருடமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"உங்களுக்குக் கோபம் வருமே" என்றார் அக்கா. குற்றமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொன்னார்.

மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு கருத்து ஒருமனதாக ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை, அதனால் அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூட்டம் முடிந்து போகலாமே என்றார் தலைவர். நான் நிற்கவில்லை. மறுநாள் அக்காவின் கணவருக்கு வேன் வரும் நாள்.