மாஸ்க்கைத் தூக்கி மரியாதை செஞ்ச கதை

இன்னைக்குக் காலைல பீளமேட்டுல ஒரு காலேஜ் கிரவுண்டுல, ஒரு மிஷினோட மானத்தை வாங்கப் பாத்தேங்க!

எங்க சித்தப்பா பொண்ணு நித்யா அங்க ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்ல பிஎச்டி பண்றா. ஓடறப்ப எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கறோம், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடறோம்னு அளக்கற சின்ன டப்பா ஒண்ணு இருக்குது. லேப்ல இருக்கற பெரிய மிஷினாட்டம் அதுவும் சரியாக் காட்டுதான்னு பாக்கறதுதான் அவ ஆராய்ச்சி.

ஓடறதுக்கு ஒரு ஆள் வேணும்னு சொன்னா.

"நானிருக்கேன் அம்மணி!"

(ஜிம்முல சேந்து ஆறு மாசம். போனது ஒம்பது நாள்.)

நேத்து லேப்ல பெரிய மிஷினோட மாஸ்க்கை மாட்டிட்டு ட்ரெட்மில்லுல ஓடினேன். இன்னைக்கு நெஞ்சுல டப்பா, மூஞ்சில மாஸ்க், கிரவுண்டுல அதே ஸ்பீடு.

"அண்ணா, மாஸ்க்கை மட்டும் தொட்றாதீங்க."

தலையாட்டினேன்.

ஓடி முடிச்சுட்டு வந்தா, அவ முகமே வாடிப்போச்சு.

"நேத்தைக்கு விட இன்னைக்கு ரொம்பக் கம்மியாக் காட்டுதுங்ணா. இந்த டப்பாவை நம்ப முடியாதாட்ட இருக்குது. எட்டு மாச வேலை போச்சுங்ணா."

நானும் பெரிய விஞ்ஞானியாட்டம், "ஓடறப்பவே நெனச்சேன் அம்மணி, மிஷின்ல ஏதோ கோளாறு"ன்னு சொல்லிப்போட்டேன்!

நான் ஓடினதை அவ ஃபோனை ஓரமா வெச்சு எடுத்திருந்தா, அந்த வீடியோவைப் போட்டுப் பாத்தோம்.

வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர், "ஏனுங், சௌக்கியங்களா?"

நான் மாஸ்க்கைத் தூக்கி, "நல்லா இருக்கேனுங்!"

அடுத்து ஒரு அம்மா, "மூச்சு வாங்குதுங்களா தம்பி?"

மாஸ்க்கைத் தூக்கி, "இல்லீங்க!" (வாங்குச்சு.)

அதுக்கடுத்த ரவுண்டுல யாருமே ஒண்ணும் கேக்கல. நானே தூக்கி, "வாரேனுங்க!"

இப்படியே ரவுண்டுக்கு நாலு தடவை. விட்ட காத்தெல்லாம் சைடுல போனா, டப்பா பாவம் எதைத்தான் அளக்கும்?

"மூஞ்சியை மூடிட்டுப் பதில் சொன்னா மரியாதையா இருக்காதே அம்மணி..."

அழுகப் போனவ சிரிச்சுட்டா. எனக்குத்தான் ஒரே வெக்கமாப் போச்சு. ஊர்ல நல்ல பேர் வாங்கறதுக்கு அந்தப் புள்ளையோட படிப்புல கைய வெச்சிருக்கேன்!

நல்லா ஓய்வெடுத்துட்டு மறுபடி ஓடினேன். பெரியவர் கை காட்டுனார். தலையைக் குனிஞ்சுட்டே தாண்டிப்போனேன். (மன்னிச்சுக்குங்கய்யா!)

இந்தத் தடவை ரெண்டு மிஷினும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். நித்யா துள்ளிக் குதிச்சா.

"டப்பா கரெக்டா காட்டுதுங்ணா!"

"சந்தோசம் அம்மணி. அப்ப என்னோட ஃபிட்னஸ் எப்படி?"

அவ நம்பரைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"மொதல்ல உக்காருங்ணா, சொல்றேன்."