கான் தண்ணீர் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். முகநூலில் ஒரு தமிழ் அறிவியல் குழுவிலும் இருந்தேன். அங்கே யாராவது பிழையாக வாதாடினால், அது என்ன வகைப் பிழை என்று பெயர் சொல்லித் திருத்துவது என் வழக்கம். அதற்கு ரசிகர்களும் இருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில், டெங்கு நுளம்பு சுத்தமான தண்ணீரில் மட்டும்தான் முட்டையிடும் என்று எழுதினேன். ஜிந்துப்பிட்டிக்காரர் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "எங்க வீட்டு முன்னால ஓடுற சாக்கடைக் கான் தண்ணியிலயும் புழு நெளியுது மிஸ். அதுவும் டெங்கு தானா?" நுளம்பைப் பற்றி அவர் எழுதிய அடுத்த வரியில் எழுத்துப்பிழை.

"ஒருவர் கண்டது ஆதாரமாகாது. முதலில் நுளம்பு என்று சரியாக எழுதப் பழகுங்கள், பிறகு அதன் வாழ்க்கை வட்டத்துக்கு வரலாம்" என்று பதில் போட்டேன்.

சிரிப்பு முகங்கள் குவிந்தன. அவர் "சரி மிஸ்" என்று மட்டும் எழுதினார். எனக்கு அன்றைக்கு நல்ல சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது.

இரண்டு கிழமை கழித்து இன்பொக்ஸில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. யோகட் கோப்பையில் கலங்கல் தண்ணீர், அதில் நெளியும் நுளம்புக் குடம்பிகள். "சுகாதாரப் பகுதி பிஎச்ஐ ஐயா எடுத்துப் பாத்தாரு. டெங்கு தானாம். மகள் ஆஸ்பத்திரியில இருக்கா."

உடனே இணையத்தில் தேடிப் பார்த்தேன். அழுக்குத் தண்ணீரிலும் அது வளரும் என்பது புதுச் செய்தியே இல்லை. நான்தான் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு வருசக்கணக்காகப் படிப்பித்திருக்கிறேன். நம்பர் கேட்டு அவரை அழைத்தேன்.

"நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

"நான் சண்டை போட வரல மிஸ். கானத் துப்புரவாக்கணுமான்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க அப்படிச் சொன்னதும், ஒண்ணுமில்ல போலன்னு விட்டுட்டேன்."

பழைய பதிவைத் திறந்தேன். உண்மைதான். கேள்விக்குறி அப்படியே இருந்தது. அவர் வாதாடவே இல்லை. அந்த நேரத்திலும் என் மூளை, எந்த நுளம்பு பிள்ளையைக் கடித்தது என்று யாரால் நிரூபிக்க முடியும் என்று ஒரு நியாயம் தேடியது. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நல்லகாலம், பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் என் பிழையைக் குழுவில் விளக்கமாக எழுதி, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "மிஸ்ஸுக்குப் பெரிய மனசு" என்றார்கள். ஒருத்தி மட்டும், "அவர் சொன்னது தற்செயலாகச் சரியாப் போச்சு. எழுத்துப்பிழை பிழைதானே?" என்று எழுத, திரும்பவும் சிரிப்பு முகங்கள். பெயரைப் பார்த்தால், என் வகுப்பில் முன் வாங்கில் இருப்பவள்.

மறுநாள் அவளிடம் கேட்டேன், "ஏன் பிள்ளை அப்பிடி எழுதினனீர்?"

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "மிஸ்தானே இப்பிடிப் பதில் சொல்லப் பழக்கினனீங்கள்?"

பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள்.