பதினேழாம் கோடு

இது நடந்தது. ஆனால் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அன்று விளக்கு ஒருமுறை அணைந்ததா, இரண்டு முறையா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். நேரங்கள் மட்டும் தவறாது. அவை பணிப் புத்தகத்தில் இருக்கின்றன.

கடற்கரையில் ஒற்றை அறை. கடலின் இரைச்சலைக் கேட்பது என் வேலை. கடல்தரையில் வரிசையாகச் சென்சார்கள் கிடக்கும். முதலாவது மட்டும் என் அறைத் தரைக்கடியில், இரும்பு மூடிக்குக் கீழே. இரைச்சல் ஒரு சென்சாரிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை நொடி என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி சொல்லும். அந்தக் கணக்கு மாறினால் நடுவே மண் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் சென்சார் நகர்ந்திருக்கிறது. பகலில் படகுகளின் கூச்சல்; இரவில்தான் கணக்குச் சுத்தமாக வரும். விதி ஒன்றுதான்: ஓயாத இரைச்சலை வைத்துக்கொள், தனியாகத் தெரியும் சத்தத்தை நீக்கிவிடு.

பதினேழாம் சென்சார் செத்து இரண்டு வருடம். அதன் பிடியை முடுக்க இறங்கிய டைவர் திரும்பவில்லை. கயிறு அறுந்துபோனது. அன்று மாலையே சென்சாரும் அடங்கிவிட்டது. அவரைக் 'குறட்டை' என்போம். அறையில் அவர் தூங்கினால் முதல் சென்சாரில் நிலநடுக்கமே பதிவாகும். கதவு திறந்தே கிடந்தாலும் மூன்று தட்டு, சற்று விட்டு இரண்டு தட்டு, பிறகுதான் உள்ளே வருவார். எண் வரிசை குழம்பும் என்று பதினேழை யாரும் அழிக்கவில்லை. திரையில் அது நேர்கோடாகக் கிடந்தது.

அதே இடத்தில் புதிய சென்சார் வைக்கக் காலை ஆறு மணிக்கு இறங்கவிருந்தவன் என் தம்பி. கடல்தரை அசையவில்லை என்று நான் கையெழுத்திட்டால்தான் இறங்கலாம்.

12:40. கப்பலிலிருந்து பேசினான்.

"கையெழுத்துப் போட்டாச்சாண்ணே?"

"நாலு மணிக்குப் போடுவேன். தூங்குடா."

"தலையெழுத்தைக்கூட இவ்ளோ நேரம் எழுத மாட்டாங்க."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

1:10. பதினேழாம் கோடு அசைந்தது.

கம்பித் தொடர்பே அற்றுப்போன சென்சார். மின்சாரம் இல்லாத சென்சார். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். கோடு அசைந்துகொண்டேதான் இருந்தது.

1:20. பதினேழுக்கும் என் காலடியில் இருக்கும் முதல் சென்சாருக்கும் நடுவே பன்னிரண்டு நொடி. அது உயிரோடிருந்த காலத்துக் கணக்கு. அச்சு அசலாக அதே.

1:30. பதினொன்று.

மண் இவ்வளவு வேகமாக மாறாது. அப்படியானால்...

1:40. எட்டு.

1:50. மறுபடியும் எட்டு. மூச்சு வாங்க நின்றது போல.

2:00. மூன்று.

நகர்கிறது. கரையை நோக்கி.

விளக்கு அணைந்து எரிந்தது. வெளியே அலைச் சத்தம் இல்லை. இருந்திருக்க வேண்டும்... இல்லை.

2:10. சுழியம்.

இரும்பு மூடிக்குக் கீழிருந்து...

டக். டக். டக்.

...

டக். டக்.

நான் அசையவில்லை.

2:14. மீண்டும். மூன்று. இரண்டு.

2:17. கோடு நேரானது.

விடியும்வரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. பதினேழின் இருபுறமும் உள்ள பதினாறையும் பதினெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நாட்களாக அவற்றின் நடுவே மண் மெல்லத் தளர்ந்திருந்தது. ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான். விதிப்படி கையெழுத்திடலாம்.

5:20. மேலதிகாரியை அழைத்தேன்.

"இறக்க வேண்டாம் சார்."

"அளவுக்குள்ளதானே இருக்கு? என்ன காரணம் எழுதுவ?"

"தெரியல சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேலை போயிடும்யா."

"போகட்டும் சார்."

கப்பல் காத்திருந்தது. தம்பி என்னைத் திட்டித் தீர்த்தான். 7:05-க்கு, பதினேழு இருந்த சரிவு முழுவதும் பெயர்ந்து ஆழத்துக்குள் போனது. இறங்கியிருந்தால் அப்போது அவன் அடியில் இருந்திருப்பான்.

அன்றிரவுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பதினேழில் ஒன்றுமில்லை. முழு இரவும் நேர்கோடு.

பிறகு, ஏன் என்று தெரியாமலே, இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தேன். குறட்டை இறங்கிய நாள். சுத்தம் செய்யாத மூலப் பதிவு. அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை.

கயிறு அறுந்த பிறகும் பதினேழில் சத்தம் இருந்தது. யாரோ சென்சாரின் கூட்டை உலோகத்தால் தட்டும் சத்தம். மூன்று. இரண்டு. மூன்று. இரண்டு. நாற்பத்திரண்டு நிமிடம். கப்பல் அப்போது வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தது.

கணினி அதைத் தனிச் சத்தம் என்று பிரித்து, "நீக்கவா?" என்று கேட்டிருக்கிறது. ஒருவர் "ஆம்" அழுத்தியிருக்கிறார்.

அன்று பணியில் இருந்தவன் நான்.

தம்பி இப்போது கடலில் இறங்குவதில்லை. ஏசி பழுது பார்க்கிறான். மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். குறட்டையின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.