இடது காதில் ஒரு விசில்

காதில் விசில் சத்தம் கேட்கிறது என்று என் மகள் முதன்முதலாகச் சொன்னபோது நான் அவளை நம்பவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் கணிதச் சோதனை. சந்தேகப்பட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒன்றுபோலவே வந்துகொண்டிருக்கும் மூடிகளில் கீறல் விழுந்ததைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். மாசாயில் உள்ள வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை.

"எந்தக் காதுல?"

"இடது காதுல."

"இப்பவும் கேக்குதா?"

"டிவிய ஆஃப் பண்ணா கேக்கும்மா."

டிவியை அணைத்தேன். தலையைச் சாய்த்துக் கவனித்துவிட்டு, "கேக்குது. தண்ணி கொதிக்கறப்ப கேத்தல் கத்துமே, அது மாதிரி" என்றாள்.

அடுத்த இரண்டு வாரங்களும் நான் அவளைச் சிக்க வைக்கப் பார்த்தேன். சாப்பிடும்போது திடீரென்று, "வலது காதுல இன்னும் கேக்குதா?" என்பேன். "இடதும்மா" என்பாள். அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். திங்களன்று ஒன்று, வியாழனன்று ஒன்று, ஞாயிறன்று ஒன்று. குளியலறைக்குள் போய் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றும் ஒரே சுருதி. பொய் சொல்லும் பிள்ளை ஏதாவது ஓரிடத்தில் தடுமாறியிருக்கும்.

அப்போதே நம்பியிருக்கலாம். நான் செய்ததெல்லாம், சந்தேகத்தை அவளிடமிருந்து எடுத்து வேறொருவர் மேல் வைத்ததுதான்.

பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எல்லாரும் மௌனமாக வாசிக்கும்போது என் மகள் மட்டும் காதில் விரலை வைத்துக்கொண்டு முனகுகிறாளாம். "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டேன். கார் வரைக்கும் நடப்பதற்குள் மனம் ஒரு கணக்குப் போட்டிருந்தது. வீட்டை ஏன் இழுக்கிறார்? வகுப்பில் நடந்த எதையோ மறைக்கிறாரா? கன்னத்தில் ஓர் அறை விழுந்தாலும் காது இரையத்தானே செய்யும்?

"டீச்சர் உன்ன அடிச்சாங்களா?" என்று காரிலேயே கேட்டேன். இல்லை என்றாள். தலை வாரும்போது கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன். "பயப்படாம சொல்லு, அம்மா இருக்கேன்" என்று கேட்டேன். மூன்றாம் நாள் அழுதுகொண்டே, "ஆமா" என்றாள்.

என் கணவர் தினமும் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். "கொஞ்சம் பொறு லா. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டிப் பார்ப்போம்" என்றார். இவர் ஏன் ஆசிரியைக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரையும் ஒரு நிமிடம் சந்தேகித்தேன்.

மறுநாள் காலை பள்ளித் தாழ்வாரத்தில், மற்ற பெற்றோர் பார்க்க, ஆசிரியையிடம் கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"உங்க பிள்ளைய நான் தொட்டதுகூட இல்லங்க. அவளுக்கு இடது பக்கம் நின்னு பேசினா 'என்ன டீச்சர், என்ன டீச்சர்'ங்கிறா. வலது பக்கம் நின்னா சரியா எழுதுறா. காத டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொல்லத்தான் அன்னைக்குக் கூப்பிட்டேன். நீங்க எழுந்து போய்ட்டீங்க."

தப்பிக்கப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னதைப் பொய்யாக்கவே மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காதில் அழுக்கோ சீழோ இல்லை என்று பார்த்த மருத்துவர், அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்.

செவித்திறன் சோதித்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். "சத்தம் கேட்கிறதா?" என்று அவர் என் மகளிடம் கேட்கவே இல்லை. "அடிக், உன் காதைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லு" என்று, தங்கையை அழைப்பதுபோல் மலாயில் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தில் என் மகள் பேசத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்தே கேட்கிறதாம். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாளாம். இந்த வருடம் சோதனையில் வகுப்பே அமைதியானபோது அது பெரிதாகிவிட, பயந்துபோனாளாம். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "டீச்சர் அடிக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாங்க. அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்."

அந்த மலாய் வாக்கியம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

சோதனையில் இடது காதுக்கு மெல்லிய கீச்சொலிகள் கொஞ்சம் குறைவாகக் கேட்பது தெரிந்தது. காதிலிருந்து வருவது குறைந்தால் மூளை தானே ஒலியைக் கூட்டிக்கொள்ளும், அதுதான் விசிலாகக் கேட்கிறது, பிள்ளைகளுக்கும் இது வரும், ஆனால் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினார். காது மருத்துவரும் பார்த்துவிட்டு, பயப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார். மருந்து எழுதவில்லை.

"மருந்து இல்லாம எப்படி? எதையோ மறைக்கிறீங்களா?" என்று செவித்திறன் சோதித்த பெண்ணிடம் கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. முழு அமைதியில் அது பெரிதாகும், ஆகவே பாடம் எழுதும்போது மின்விசிறியோ, கைப்பேசியில் மழைச் சத்தமோ மெல்ல ஓடட்டும். வகுப்பில் வலது காது ஆசிரியர் பக்கம் இருக்கட்டும். ஆபத்தில்லை என்று அவளுக்கே புரிந்தால் பயம் போகும், பயம் போனால் அதைக் கவனிப்பதும் குறையும் என்றார். கடைசியாக, மரியாதையாக அழைத்துச் சொன்னார்: "புவான், கேட்குதா கேட்குதா என்று தினமும் விசாரிக்காதீங்க. நீங்க விசாரிக்க விசாரிக்க அவள் அதையே தேடிக்கொண்டிருப்பாள்."

எல்லாவற்றிலும் அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். மின்விசிறியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் தப்பா பேசிட்டேன் டீச்சர்." "பரவால்லங்க" என்றார், புத்தகங்களை அடுக்கியபடியே. என் மகளை ஏற்கெனவே, வலது காது தன் பக்கம் இருக்கும்படி இடதுகோடி வரிசைக்கு, மின்விசிறியின் கீழே மாற்றியிருந்தார். அந்த வருடம் முழுவதும் என்னிடம் மரியாதையாகப் பேசினார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதற்கு நான் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த செவிச் சோதனையிலும் காது அப்படியேதான் இருந்தது. விசிலும் போகவில்லை. "இருக்கு, ஆனா அது பாட்டுக்கு இருக்கு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். வகுப்பில் முனகுவது நின்றுவிட்டது.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. சென்ற மாதம் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ம்மா, சும்மா இருக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே கேக்காதா?"

"கேக்காது."

"அது எப்படி இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல மா. நான் கவனிச்சதே இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தாள்.