ரொட்டி சுட்ட இருபத்தாறு வருஷம்

மிலிட்டரி என்றால்தான் அந்த நாற்பத்தெட்டு வீட்டு அடுக்ககத்தில் அவரைத் தெரியும். இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இப்போது வாசல் கேட்டில் நீலச் சட்டையோடு நிற்கிறார். கூடச் சேர்ந்தவர்கள் பதினைந்தாவது வருஷமே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இவர் மட்டும் "இன்னும் கொஞ்ச நாள்" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் மனைவி ஒண்டியாக இரண்டு பெண்களை வளர்த்து, கட்டியும் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தேசபக்தி பொங்கியது. பக்கத்து அடுக்ககத்தில் ஒரு ராணுவ வீரருக்குப் பாராட்டு விழா நடத்தி, படம் பேப்பரில் வந்துவிட்டதாம். "நம்ம கேட்லயே ஒரு வீரர் நிக்கிறாரே!" என்று அன்றைக்குத்தான் அவருக்குக் கண் தெரிந்தது. அதுவரை அந்த வீரரிடம் அவர் பேசிய ஒரே வாக்கியம், "கார்ல தூசி இருக்கு, பாக்கலையா?"

பேச்சுக்குக் குறிப்பு எடுக்க நோட்டோடு கேட் அறைக்கு வந்தார்.

"சொல்லுங்க, சர்வீஸ்ல எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"நான் ரொட்டிதான் சார் சுட்டேன்."

"என்னது?"

"சமையல்காரன் சார் நான். இருபத்தாறு வருஷமும் அடுப்படிதான்."

செயலாளர் முகம் காற்றுப் போன டயராகிவிட்டது. "துப்பாக்கியே தொடலையா?"

"பயிற்சியில தொட்டேன். அப்பப்போ துடைச்சும் வெச்சேன்."

"குண்டு கிண்டு பட்டிருக்கா?"

"எண்ணெய் பட்டிருக்கு சார்." முழங்கைத் தழும்பைக் காட்டினார்.

"சரி, அதையே குண்டுன்னு வெச்சுக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனார் செயலாளர்.

மொட்டை மாடியில் விழா. செயலாளர் நாற்பது நிமிஷம் பேசினார். அதில் முப்பது நிமிஷம், தட்டைப் பாதம் மட்டும் இல்லாமலிருந்தால் நானே தளபதியாகியிருப்பேன் என்பது. மிச்சம் பத்து நிமிஷத்தில், கையில் குண்டு பாய்ந்தும் எதிரிகளை மலையிலிருந்து விரட்டிய மாவீரரைப் பற்றி முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. மிலிட்டரிக்குக் காதுமடல் சுட்டது. "நன்றி மட்டும் சொன்னாப் போதும்" என்று கிசுகிசுத்தபடி மைக்கைக் கொடுத்தார் செயலாளர்.

"இது குண்டு இல்லீங்க, எண்ணெய்" என்று ஆரம்பித்தார் மிலிட்டரி. "நான் சமையல்காரன். மலை உச்சியில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், ஆனா பருப்பு வேகாது. முட்டை கல்லா உறைஞ்சிருக்கும், சுத்தியலால உடைப்போம். காவலுக்குப் போன பசங்க பனியில நின்னுட்டு வந்து தட்டை நீட்டுவாங்க. அதுல சூடா ஏதாச்சும் விழணும். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. நாங்க முப்பது பேர். ஒரு தடவை ரெண்டு பேர் திரும்பி வரலை. அன்னிக்கும் முப்பது தட்டுதான் வெச்சேன். கை கேக்கலை."

மனைவி மட்டும் கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மூன்றாம் மாடி வக்கீல், "அப்போ சண்டையே போடலையா?" என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, ஷீல்டைக் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சங்கம் பேரு பெருசா இருக்கு, செயலாளர் பேரு அதைவிடப் பெருசா இருக்கு. உங்க பேரைப் பாக்க பூதக்கண்ணாடி வேணும்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்: "அந்த முப்பது தட்டு விஷயத்தை ஒரு லெட்டர்லகூட எழுதலையே?"

"எழுதியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

"எழுதாதப்போ மட்டும் தூங்கினேனாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுவாரம் செயலாளர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "பொண்ணு பிறந்த நாளைக்கு இருநூறு பேர் வர்றாங்க. உங்க கைப்பக்குவத்தைப் பத்தித்தான் மாடியே கேட்டுச்சே! சமைச்சுக் குடுத்துருங்க. இவ்வளவு மரியாதை பண்ணியிருக்கோம், இல்லையா?"

"நான் ரிட்டையர் ஆயிட்டேன் சார். மறுபடி அடுப்படிக்குக் கூப்பிடணும்னா கவர்மென்ட் லெட்டர் வரணும். உங்களால வாங்க முடியும்னா வாங்கிட்டு வாங்க."

பிறந்த நாளுக்கு வெளியிலிருந்து சமையல்காரர்கள் வந்தார்கள். மிலிட்டரி கேட்டில் நின்று, இருநூறு பேருக்கும் வண்டி நிறுத்த இடம் காட்டினார்.