திரும்பி ஓடுவதாகச் சொன்ன ஒரு நிமிடம்

பயந்தவன் யாரையும் அடிக்கமாட்டான் என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். அதற்கு ஆதாரம் நானேதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டும் பட்டறையில் ஒரு பெல்ட் அறுந்தால், முதலில் கேட்டைத் தாண்டி நிற்பவன் நான்.

அப்படிப்பட்டவன் பட்டாளத்துக்கு எதற்குப் போனான் என்றால், போட்டோவுக்கு. வேலையை விடாமலே வருடத்தில் சில வாரம் பயிற்சி எடுக்கும் காலாட்படைப் பிரிவு ஒன்றில் சேர்ந்தேன். சீருடையில் நின்ற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு என் தேசக் கடமை முடிந்தது என்று நினைத்தேன். எல்லைக்கும் அனுப்புவார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

ஆவடிக்கு அப்பால் ஒரு புழுதி மைதானம். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகி, வைக்கோல் அடைத்த சாக்கு மனிதனின் வயிற்றில் குத்த வேண்டும். குத்தி, திருகி, உருவ வேண்டும். நான் ஓடும்போதே அலறினேன், பயத்தில். பயிற்சி கொடுத்த ஹவில்தார் அதை வீரம் என்று குறித்துக்கொண்டார்.

எல்லைக்கு ஆள் எடுக்கும் கடைசித் தேர்வு ஒரு நிமிடச் சண்டை. கையுறை மாட்டிக்கொண்டு எதிரில் இருப்பவனை விடாமல் அடிக்க வேண்டும். தடுக்கக் கூடாது. முதுகைக் காட்டினால் தோல்வி, வீட்டுக்குப் போகலாம். இதைவிட நல்ல செய்தி எனக்கு வேறில்லை.

ஜோடியாக வந்தவன் என் பக்கத்துக் கட்டில்காரன். பாரிவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுபவன். இதே சண்டையில் கை ஓங்கத் தயங்கி, முந்தைய இரண்டு வருடமும் தோற்றவன். எல்லைக்குப் போவதுதான் அவனுக்கு எல்லாம். மூன்றாவது முறையும் தவறினால் படைப்பிரிவிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். காலை டீ வரிசையில் என்னிடம் வந்தான்.

"மாமே, ரெண்டு அடி வாங்கிக்கினு அப்டியே திரும்பி ஓட்ரு. நான் பாஸு, நீ ஊட்டுக்கு. இன்னா சொல்றே?"

ஓடச் சொல்லி என்னிடம் கெஞ்சிய முதல் ஆள் அவன். மூக்குப் பக்கம் வராதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விசில் ஊதினார்கள். முதல் அடி தோளில், பேசிவைத்தபடி பூ மாதிரி. இரண்டாவது மூக்கில் பட்டது. அவன் தவறில்லை, அவசரப்பட்டுத் திரும்பப் போய் நான்தான் முகத்தைக் கொடுத்தேன். இரத்தம் உதட்டில் உப்பாக இறங்கியது. ஓடு என்று கால்களுக்குச் சொன்னேன். கைகள் கிளம்பின.

கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். "டேய், ஓட்ரா" என்று அவன் பல்லுக்குள் சொன்னது கேட்டது. குரல் வந்த இடத்திலேயே அடித்தேன். கண்ணைத் திறந்தபோது மல்லாந்து கிடந்தான். ஓட வழி தாராளமாக இருந்தது. நான் அவன் மார்பில் முட்டியை ஊன்றி, முழங்கையால் தாடையில் இடித்தேன். காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். இன்னும் இரண்டு முறை இடித்தேன். யாரோ "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான்தான்.

ஹவில்தார் என் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். விசில் ஊதி நேரமாகியிருந்ததாம். அவர் கோபப்படவில்லை.

"உன் தொப்பையப் பாத்து தேறாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

என் கால்சட்டை நனைந்திருந்ததை வியர்வை என்று எடுத்துக்கொண்டார்.

அவன் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லைக்கு நான் போனேன்.