அந்தக் குரல் வெள்ளையன் அண்ணனுடையது அல்ல

காலை ஒன்பது மணி இருக்கும். வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஓட்டுநர் முருகேசன் கூப்பிட்டார். "சார், வெள்ளையண்ணன் தவறிட்டாருங்க. மார்வலின்னாரு. நான்தான் வண்டியில ஏத்திகினு எறங்கினேன். கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே உயிரு போச்சு."

வெள்ளையன் அண்ணனோடு வண்டி ஓட்டியவர்களுக்கும் எங்கள் படக்குழுவினருக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் இருபத்தைந்து வருடமாக ஜீப் ஓட்டியவர். ஒரே ஒரு படத்தில் நடித்தவர். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு ஒலி என் பொறுப்பு. மலையில் படப்பிடிப்பு நடந்த நாட்களில் எங்களை ஏற்றி இறக்கியது அவருடைய ஜீப். கதை சின்னது. கீழே மில் வேலைக்குப் போன மகள் இறந்துவிட, உடலை வாங்க மலையிலிருந்து வரும் அப்பாவின் ஒரு நாள். அப்பாவாக நடிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை. இயக்குநர் அரை நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, டீக்கடை பெஞ்சில் எங்களுக்காகக் காத்திருந்த வெள்ளையன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா? எனக்கு இன்னா சார் தெரியும்?" என்று அவர் சிரித்தார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய கட்டடத்தைப் பிணவறை அலுவலகமாக மாற்றியிருந்தோம். கையெழுத்துப் போட்டதும் உடைந்து அழ வேண்டும் என்றார் இயக்குநர். கேமரா ஓடியது. அண்ணன் பேனாவை வாங்கினார். "எங்கங்க போடணும்?" என்று கேட்டார். காட்டிய இடத்தில் எழுத்துக்கூட்டிப் பெயரை எழுதினார். பேனாவுக்கு மூடி போட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். ஹெட்போனில் எனக்கு மின்விசிறியின் சத்தமும் அவர் ஒருமுறை எச்சில் விழுங்கியதும்தான் கேட்டன. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துபோனார். மறுபடி எடுக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மலை ஏறும்போது, முன் இருக்கையில் இருந்த நான் கேட்டேன், எப்படிண்ணே அப்படிச் செய்தீர்கள் என்று. அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் காட்டினார்.

"கீழ இருந்து பொணத்தோட ஏறுறவங்கள இதுலதான் பாத்துகினே வருவேன். அழுவறவங்க கம்மி சார். வளைவுல பொணத்தோட தலை ஆடாம இருக்கணும்னு புடிச்சிகினே வருவாங்க. வேற ஒண்ணும் தோணாது அவங்களுக்கு."

"நீங்க எதுவும் பேச மாட்டீங்களா?"

"பேசி? நம்மால இன்னா முடியும்? மெதுவா ஓட்டலாம். அவ்ளோதான்."

படம் முடிந்தது. படத்தை விலைக்கு வாங்க வந்தவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "இவருக்கு வருத்தம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இயக்குநர் இரண்டு நாள் சண்டை போட்டார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, தரையைப் பார்த்தபடி, "அழுகைச் சத்தத்தப் போட்டுடு" என்றார். டப்பிங் கலைஞர் ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் அழுது கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனின் உதடுகள் மூடியிருந்ததால் மூக்கிலிருந்து வருகிற விம்மலாக அதைப் பொருத்தினேன். நன்றாகவே பொருந்தியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

படம் வெளியானதும் கள்ளக்குறிச்சி தியேட்டருக்கு அண்ணன் தன் மனைவி பொன்னம்மாவோடும் இரண்டு ஜீப் நிறையச் சொந்தக்காரர்களோடும் வந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காட்சி வந்ததும் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"யாரு சார் அழுவறது?"

"நீங்கதாண்ணே," என்றேன்.

"நான் அழுவலியே."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் பலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அழவைத்துவிட்டீர்கள் என்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிடும்போது சொன்னார்: "பரவால்ல சார். அந்த ஆளு நல்லாத்தான் அழுதாரு." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

செய்தி வந்த அன்றே வெள்ளிமலைக்குப் போனேன். வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் போனில் அந்தக் காட்சியை ஓட்ட, நாலைந்து பேர் சுற்றி நின்று அந்த விம்மலைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. பொன்னம்மா அக்கா உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, அது அவரு குரல் இல்ல. அவரு அழுது இந்த வூட்டுல நான் கேட்டதே இல்ல. யாரோ ஒருத்தரு கொரலக் கேட்டு எல்லாரும் அழுதுகினு இருக்காங்க. அத எடுத்துட முடியாதா?"

"முடியாதுக்கா. படம் இப்ப எங்க கையில இல்ல."

படப்பிடிப்பன்று பதிவான உண்மையான ஒலி என்னிடம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? எனக்கு அவரத் தெரியும். தெரியாதவங்களுக்குப் போட்டுக் காட்டு."

யாருக்குப் போட்டுக் காட்டுவது? ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்த ஒலி, அவர் பெயர் போட்ட ஒரு கோப்பாக என் கணினியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கேட்க விரும்புகிறவர் யாராக இருந்தாலும் வரலாம். முதல் தடவை கேட்பவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இன்னொரு முறை போடுகிறேன்.